இரண்டாம் பக்கத்து முதல் பாட்டு

எனக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் நிலாவைப் பற்றிய ஆங்கிலப் பாட்டு எட்டுத் தெரியும். ஒன்பது இருந்தது. ஒன்றை நான் அழித்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசி. ராகலைக்கு மேலே ஒரு தோட்டம். ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மாடியில் எனக்கு வேலை. மலையிலிருந்து வரும் பச்சைக் கொழுந்தை நீளமான தொட்டிகளில் பரப்புவோம். அடியிலிருந்து விசிறி காற்று ஊதும். கையில் வைத்து இறுக்கினால் உருண்டையாக நிற்கும் பதம் வரும்வரை கிளறிவிட்டு, தொட்டுப் பார்த்து, காத்து நிற்க வேண்டும். வாய் தேவைப்படாத வேலை. எனக்குப் பொருந்திப் போயிற்று.

மாடியின் கோடியில் கண்ணாடி போட்ட சின்ன அறை. அது டீமேக்கர் ஐயாவுடையது. தேயிலையின் பதத்துக்குப் பொறுப்பு அவர்தான். யாழ்ப்பாணத்துக்காரர். கலியாணம் செய்யவில்லை. சண்டையால் ஊருக்குப் போகிற பாதை மூடிக் கிடந்த காலம் அது. லீவு கிடைத்தாலும் அவருக்குப் போக இடமில்லை. பின்னேரம் மூன்று மணிக்குத் தேத்தண்ணி வரும்போது ஒரு கேசட் போடுவார்.

அந்த நேரத்தில்தான் மலையில் மூட்டம் இறங்கும். மாடி ஜன்னல்கள் எல்லாம் வெள்ளையாகிவிடும். வெளியே மலை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. விசிறிச் சத்தம், வாடுகிற கொழுந்தின் வாசனை, அதற்குள் ஒரு கிட்டார். வேறு எங்கோ, வேறு யாருக்கோ வாசிப்பது போல இருக்கும். ஒரு நாள் கதவருகில் நின்றுவிட்டேன்.

“என்ன காணும், கதவடியிலை நிக்கிறீர்? பாட்டுக் கேக்கிறீரோ?”

“சும்மாங்கையா.”

“விளங்குதோ?”

“இல்லைங்கையா.”

“பரவாயில்லை. பாடினவனுக்கே விளங்கினதோ தெரியாது. உள்ளுக்கு வந்து இரும்.”

இருக்கவில்லை. நின்றுகொண்டே கேட்டேன். அவர் அதை ரொக் பாட்டு என்றார். அவர் படிக்கிற காலத்தில் வெள்ளைக்காரப் பையன்கள் தலைமயிரை வளர்த்துக்கொண்டு வாசித்தது. அவருடைய கூட்டாளி ஒருவர் வீட்டில் இசைத்தட்டுகள் இருந்தனவாம். அதிலிருந்து நிலாப் பாட்டுகளை மட்டும் பொறுக்கி இந்தக் கேசட்டில் பிடித்திருக்கிறார். பிறகு அந்த வீடும் இல்லை, தட்டும் இல்லை.

“எல்லாருக்கும் தெரிஞ்ச நிலாப் பாட்டுகள் கொஞ்சம் இருக்கு. அதுகள் ரேடியோவிலை போகும். இதுகளை ஒருத்தரும் கேட்டு எழுதிறதில்லை. இசைத்தட்டிலை முன்பக்கம் விக்கிற பாட்டு ஒண்டு இருக்கும். பின்பக்கம் சும்மா கிடக்கட்டும் எண்டு ஒண்டு போடுவாங்கள். இதெல்லாம் அந்தப் பின்பக்கத்துப் பாட்டு.”

அதன் பிறகு மூன்று மணிக்கு நானே போய் நிற்பேன். பாட்டு ஓடும்போது அவர் ஒன்றிரண்டு வார்த்தை சொல்லுவார். முதல் பாட்டில் கிட்டார் மட்டும் ரொம்ப நேரம் போகும், மூட்டத்துக்குள் ஆள் நடந்து வருகிற மாதிரி. குரல் கடைசியில்தான் வந்து சேரும். இரண்டாவதில் ஒருவன் நிலாவோடு சண்டை பிடிக்கிறான். நீ பார்த்ததை யாரிடமும் சொல்லாதே என்கிறானாம். மூன்றாவதில் பாட்டே மூன்று வரிதான்.

“மூண்டு வரி பாடிப்போட்டு ஆள் பேசாமல் இருந்திட்டான். மிச்சம் முழுக்கக் கிட்டார்தான் கதைக்குது,” என்றார்.

எனக்கு அந்தப் பாட்டுத்தான் பிடித்தது.

என் மனைவி அப்போது குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். இரண்டு வருட ஒப்பந்தம். முடிய இன்னும் நாலு மாதம் இருந்தது. மகளுக்கு ஆறு வயது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராவில் என் அக்கா இருந்தாள். பிள்ளையை அவள்தான் பார்த்துக்கொண்டாள்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரை. கடுதாசி எழுதினால் நாலு வரி வரும். அதனால் கேசட்டில் பேசி அனுப்புவோம். வெளிநாட்டில் ஆள் இருந்த லயம் எல்லாவற்றிலும் அப்போது அதுதான் வழக்கம். லீவில் வந்து திரும்பிப் போகிற பெண்களிடம் கொடுத்துவிட்டால் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். ஒரே கேசட்தான் போய்ப் போய் வரும். முதல் பக்கத்தில் அவள் பேசுவாள். இரண்டாம் பக்கம் என்னுடையது. அடுத்த தடவை அவள் பழைய பேச்சின் மேலேயே புதுப் பேச்சைப் பேசுவாள். நானும் அப்படியே. அதனால் அவளுடைய பேச்சைத் திருப்பி அனுப்புமுன் பல தடவை போட்டுக் கேட்போம். ‘அம்மாவப் போடு’ என்பாள் மகள்.

அந்தத் தடவை வந்த கேசட்டில் அவள் எல்லாருக்கும் சுகம் விசாரித்துவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

“இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. போடவா, வேணாமாங்க? நீங்க என்னா சொல்றீங்களோ அதுதான்.”

அதற்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

வா என்று சொன்னால், திரும்பவும் மழையில் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறு என்று சொல்வதாகும். இரு என்று சொல்ல என் வாய் வராது. பிள்ளை அம்மாவின் முகத்தை மறந்துகொண்டிருந்தாள். போட்டோவைக் காட்டினால் குரலைக் கேட்டாள். எனக்கும் ராத்திரிச் சோறு இறங்குவதில்லை. இதையெல்லாம் எப்படிப் பேசுவது என்று தெரியாமல் மூன்று வாரம் ஓட்டினேன்.

அக்கா கேட்பாள்.

“என்னடா, பதில் சொல்லிட்டியா?”

“சொல்லணும்.”

“அவ அங்க கெழவியாகட்டும். அப்புறம் சொல்லு.”

குவைத்துக்குத் திரும்பிப் போகிற ஒரு பெண் இருந்தாள். கந்தப்பளைப் பக்கத்து ஆள். எங்களுக்குக் கீழே இருந்த பணிய லயத்தில் சொந்தக்காரர்களைப் பார்க்க வந்திருந்தாள். போயா அன்று பின்னேரம் நாலு மணிக்குக் கிளம்புவதாகச் சொல்லியிருந்தாள்.

மாதம் ஒரு தடவை முழு நிலா நாளுக்கு நாடு முழுக்க லீவு. அதுதான் போயா. எங்கள் மலையில் பாதிப் போயாவுக்கு நிலாவே தெரியாது. மூட்டத்துக்குள் ஒரு இடம் மட்டும் வெளுத்திருக்கும். அதை நிலா என்று எடுத்துக்கொள்வோம்.

அந்தப் போயாவுக்கு முதல் நாள் டீமேக்கர் ஐயா கேசட்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“நாளைக்கு ஸ்டோர் பூட்டு. கொண்டுபோய் ஆறுதலாய்க் கேளும். நாளையிண்டைக்குக் கொண்டாரும்.”

காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தேன்.

போயா அன்று காலை மகள் அம்மாவைப் போட்டாள். கேசட் செட்டுக்குள் நாடா சிக்கிக்கொண்டது. நான் இழுத்தேன். இழுத்திருக்கக் கூடாது. அறுந்து கையோடு வந்தது. புதுக் கேசட் வாங்க ராகலைக்குப் போக வேண்டும். முதல் நாள் மழையில் பாதையில் மண் சரிந்து பஸ் ஓடவில்லை. லயத்தில் நாலு வீட்டில் கேட்டேன். சாமிப் பாட்டுக் கேசட்டை யாரும் அழிக்கத் தர மாட்டார்கள்.

மணி இரண்டரை. ஐயாவின் கேசட் மேசையில் இருந்தது.

நான் கேட்டது எல்லாம் முதல் பக்கம்தான். ஸ்டோரில் அது முடியும்போது தேத்தண்ணியும் முடிந்துவிடும். இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லாமல் சும்மா ஓடியது. கொஞ்ச நேரம் காத்திருந்தேன். அப்போதும் ஒன்றுமில்லை. முதல் பக்கம் அவளுக்கு, இரண்டாம் பக்கம் என் பதிலுக்கு என்று பழகின கை. நிறுத்தித் திரும்பச் சுற்றி, சிவப்புப் பொத்தானை அமுக்கினேன்.

பேசினேன். மழையைப் பற்றிச் சொன்னேன். கூரைத் தகரம் ஒழுகுவதைச் சொன்னேன். அடுப்புக்கு மேலே ஒரு ஓட்டை, கட்டிலுக்கு மேலே ஒரு ஓட்டை, எங்கே சட்டி வைத்திருக்கிறேன் என்றெல்லாம் சொன்னேன். கோழி முட்டையிடுவதைச் சொன்னேன். மகளைப் பேசச் சொன்னேன். “அம்மா, பல்லு விழுந்துருச்சு,” என்று சொல்லிவிட்டு ஓடிப்போனாள். கையெழுத்து விசயத்துக்கு வந்ததும் என் வாய் கட்டிக்கொண்டது. திரும்பவும் தகரத்தைப் பற்றிச் சொன்னேன். பத்து நிமிடம் போயிருக்கும். நிறுத்தினேன்.

சரியாகப் பிடித்திருக்கிறதா என்று கடைசிக் கொஞ்சத்தைப் போட்டுப் பார்த்தேன். என் குரல் முடிந்தது. முடிந்த இடத்தில் கிட்டார் வந்தது. ஒருவன் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தான். டிரம்ஸ் அடங்கியது. பாட்டு முடிந்தது. பிறகு அடுத்த பாட்டுத் தொடங்கியது.

நான் செட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தொடக்கத்தில் வெறும் நாடாவை விட்டுவிட்டு, ஐயா தள்ளித்தான் பிடித்திருக்கிறார். ஒரு நீளப் பாட்டு என் பேச்சுக்கு அடியில் போய்விட்டது. வால் மட்டும் மிச்சம்.

அக்கா வாசலில் வந்து நின்றாள்.

“அந்தப் புள்ள கெளம்பிருச்சு. மண்ணு சரிஞ்ச எடத்த நடந்து தாண்டி அந்தப் பக்கம் பஸ்ஸப் புடிக்கப் போவுதாம். எங்கடா கேசட்டு?”

“இது ஐயாவுது.”

“பேசிட்டியா?”

“பேசிட்டேன்.”

“அப்ப குடு.”

“ஐயா பாட்டு இருக்குதுக்கா இதுல.”

“இதுவும் போகலன்னா அடுத்த ஆளு எப்பப் போறது? அவ கையெழுத்துப் போட்டப்புறமா?”

கொடுத்தேன். தெரிந்துதான் கொடுத்தேன். அதை மறைக்க முடியாது.

அடுத்த நாள் மூன்று மணிக்கு ஐயாவின் அறைக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“இரண்டாம் பக்கத்திலையோ?”

“ஆமாங்கையா. மொதப் பாட்டு.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜன்னலில் மூட்டம்தான் இருந்தது. ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

“கேசட் மூலையிலை சின்ன பிளாஸ்டிக் துண்டொண்டு இருக்கும். அதை உடைச்சு விட்டால் ஒருத்தரும் மேலை பிடிக்கேலாது. உடைக்கவேணும் உடைக்கவேணும் எண்டு பத்து வருசமாய் நினைச்சுக்கொண்டிருந்தனான்,” என்றார்.

பிறகு, “அதிலை என்ன பேசினீர்?” என்று கேட்டார்.

“கூரைத் தகரம் ஓட்டையாகி ஒழுகுறதப் பத்திங்கையா.”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். மெல்லச் சிரித்தார்.

“அந்தப் பாட்டும் அதுதான் காணும். ஒருத்தன் படுத்திருக்கிறான். கூரையிலை ஒரு ஓட்டை. அதுக்குள்ளாலை நிலவு வந்து நிலத்திலை ஒரு சின்ன வட்டமாய் விழுது. அவன் அதைக் கையிலை எடுக்கப் பாக்கிறான். எடுக்க எடுக்க அது அவன்ரை கைக்கு மேலை ஏறி நிக்குது. அவ்வளவுதான் பாட்டு.”

பிறகு அவர் அதை முனகிக் காட்டினார். வார்த்தை இல்லாமல், கோப்பையின் விளிம்பில் விரலால் தாளம் போட்டு, தொடக்கத்திலிருந்து. அவர் குரல் நல்ல குரல் இல்லை. விசிறிகள் ஊதிக்கொண்டிருந்தன. கொழுந்து துவண்டுகொண்டிருந்தது. வெள்ளை ஜன்னலுக்கு முன்னால் வயதான ஒரு மனிதர், தொலைந்துபோன ஒரு பாட்டை எடுத்து என் காதில் வைத்தார். வால் வந்த இடத்தில் அதை நான் கண்டுகொண்டேன்.

“மிச்சப் பாட்டுகள் எனக்கு வேணும். தபாலிலை போடவேண்டாம் எண்டு சொல்லும். தபாலிலை போனதுகள் எனக்குத் திரும்பி வந்ததில்லை. கையிலை கொண்டுவரச் சொல்லும்,” என்றார்.

அன்று பின்னேரம் மனைவிக்கு எழுத மகளின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்தேன். எழுதினேன். அந்தக் கேசட் டீமேக்கர் ஐயாவுடையது. தபாலில் போடாதே. யாரிடமும் கொடுத்து விடாதே. நீயே கையில் கொண்டுவா.

எழுதி முடித்ததும் கை நிற்கவில்லை. இன்னொரு வரி எழுதினேன். கையெழுத்துப் போடாதே.

மூன்று வாரமாக வராதது அந்தச் சாட்டில் வந்துவிட்டது. மகளிடம் கொடுத்து அக்காவுக்குப் படித்துக் காட்டச் சொன்னேன். எழுத்துக் கூட்டிப் படித்தாள். அக்கா கேட்டுவிட்டு, “கேசட்டுக்காவது வாயத் தொறந்தியே,” என்றாள். பாதை திறந்ததும் ராகலைக்குப் போய்த் தபாலில் போட்டேன்.

அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. ஒரு போயா போயிற்று. இரண்டாவது போயிற்று. கடுதாசி போய்ச் சேர்ந்ததா, அதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டாளா என்று தெரியாது. ஐயா கேட்கவில்லை. மூன்று மணிக்கு ரேடியோவைப் போட்டார். நானும் கதவருகில் நின்று செய்தியைக் கேட்டேன்.

இரண்டாவது போயாவுக்கு ஒரு வாரம் கழித்து, காலையில் வெயில் அடித்தது. வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். மலைக்கு மேலே பகல் நிலா. பாதி தேய்ந்தது. பாலில் நனைத்த துணி மாதிரி, பின்னாலிருக்கும் நீலம் அதற்குள் தெரிந்தது. நிலா இங்கே ஏறி இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பிந்தித்தான் அங்கே ஏறும் என்று ஐயா ஒரு தடவை சொல்லியிருந்தார். இது நேற்று எங்கள் மலையைப் பார்த்துவிட்டு அங்கே போயிருக்கும். நான் அண்ணாந்து பார்த்தபோது அவளுக்கு இன்னும் விடிந்திருக்காது. தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நின்று மூன்று வரிப் பாட்டைப் போல ஏதோ முனகினேன். கங்காணி கடந்து போனார்.

“என்னாப்பா, மேல என்னா தேடுற?”

“ஒண்ணுமில்லைங்க.”

“கொழுந்து கீழதாம்ப்பா இருக்கு,” என்று சொல்லிக்கொண்டே போனார்.

மாசி மாதம் ஒரு பின்னேரம், நாலரை மணி பஸ்ஸில் அவள் வந்து இறங்கினாள். சொல்லி வரவில்லை. யாரோ ஓடிவந்து சொல்ல, நான் ஸ்டோரிலிருந்து போனேன். ஒரு பெரிய பெட்டி. முகம் வெளுத்திருந்தது. மகள் அக்காவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். வந்தவள் “பல்லு மொளச்சிருச்சா?” என்று கேட்டதும் அந்தக் குரலுக்குத் தலையை நீட்டினாள்.

உட்காருவதற்கு முன் கைப்பையைத் திறந்து, முகம் துடைக்கிற லேஞ்சியில் சுற்றியிருந்த கேசட்டை எடுத்தாள்.

“இந்தாங்க. மொதல்ல அந்த ஐயாவுக்குக் குடுத்துட்டு வாங்க.”

அக்கா சிரித்தாள். “அடியே, வந்தவளுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க விடுடி.”

தண்ணீரைக் குடித்துவிட்டு அவள் சொன்னாள். அந்த வீட்டு மேடம் தாளை மேசைமேல் வைத்து ஒரு வாரம் பேனாவை நீட்டிக்கொண்டிருந்தாளாம். அப்போதுதான் கடுதாசி வந்ததாம்.

“எரவல் கேசட்டு, திருப்பிக் குடுக்கணும்னு சொன்னேன். தபால்ல போடுன்னா. கையிலதான் குடுக்கணுமாம்னேன். வேற கேசட்டு வாங்கித் தாறேன்னா. அது கெடைக்காதுன்னேன். அப்புறம் பேனாவ மூடி வச்சிட்டா.”

“பாட்டுக் கேட்டியா?”

“கேட்டேன். மொட்டை மாடியில துணி காயப்போடுறப்ப. நீங்க தகரம் ஒழுகுதுன்னு சொல்லி முடிக்கிறீங்க, ஒடனே ஒருத்தன் கத்துறான். உங்களுக்காகத்தான் கத்துறான்னு நெனச்சேன்.”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் கேசட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

ஐயா அதை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். முதலில் மூலையிலிருந்த பிளாஸ்டிக் துண்டுகள் இரண்டையும் பேனா முனையால் உடைத்தார். பிறகு இரண்டாம் பக்கத்தைப் போட்டார். என் குரல் வந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் அதன் மேல் ஒன்றும் பேசவில்லை. மழை, தகரம், கோழி, பல்லு, திரும்பவும் தகரம். ஐயா நிறுத்தவில்லை. பத்து நிமிடமும் கேட்டார். பாட்டின் வால் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார்.

“உம்மடை பேச்சு வந்த இடத்திலை நான் மனசுக்குள்ளை பாடிக்கொள்ளுறன். இரண்டும் ஒரு அளவுதான்,” என்றார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணப் பாதை திறந்தது. அவர் பென்சன் எடுத்து ஊருக்குப் போனார். கேசட்டையும் கொண்டு போனார். உடைத்துவிட்டதால் இனி என்னை அழிக்க முடியாது. யாழ்ப்பாணத்தில் எங்கோ ஒரு வீட்டில் எங்கள் கூரை இன்னும் ஒழுகிக்கொண்டிருக்கும்.

அவள் திரும்ப மலைக்குப் போனாள், கொழுந்து பறிக்க. அது அவளுக்குச் சுலபமாக இல்லை. சில நாள் கைவிரல்களை அடுப்புக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வரச் சொன்னது சரியா என்று அப்போது நினைப்பேன். கேட்கவில்லை.

ஒரு போயா. லீவு. ராத்திரிச் சமையலுக்கு அவள் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மூட்டம் இருந்தது. கிழக்குப் பக்கம் ஒரு இடம் வெளுக்கத் தொடங்கியது. நான் தகரத்தில் தார் பூசிக்கொண்டே ஏதோ முனகியிருக்கிறேன்.

“அது என்னாங்க பாட்டு? அந்தக் கேசட்ல இல்லியே.”

“இருந்துச்சு.”

“எங்க இருந்துச்சு? எல்லாம் எனக்கு மனப்பாடம்.”

நான் நிறுத்தவில்லை. ஐயா முனகிய மாதிரியே, தொடக்கத்திலிருந்து மெல்லக் கொண்டு போனேன். அவள் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள். முடிகிற இடம் வந்தது. அவள் கை நின்றது. தலையைத் தூக்கி ஏணிமேல் நின்ற என்னைப் பார்த்தாள்.

“இது எனக்குத் தெரியும்,” என்றாள்.

கடைசிக் கொஞ்சத்தை அவள்தான் பாடினாள்.